இன்னும் கொஞ்சம் டைம்

— அப்ப இந்தத் தடவையும் தள்ளிப் போட்டுட்டாக. அப்படித்தான முதலாளி?

— கதவைச் சாத்தீட்டு உள்ள வாங்க பாண்டிம்மா. சித்த மெதுவாப் பேசுங்க. இது பிளைவுட் தடுப்புங்க, தையல் லைன்ல இருக்கற அத்தனை பேருக்கும் கேக்கும்.

— நாப்பது மிஷினு ஓடுற சத்தத்துல என்னத்தக் கேக்கும்? நான் பேசுறது என் காதுலயே விழல. எனக்குப் பதிலச் சொல்லுங்க.

— ஆமாங்க. நியூஸ்ல அப்படித்தான் போட்டிருக்கான். இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தறதுக்குச் சட்டசபையில ஒரு குழு போட்டாங்கல்ல, அவங்க அறிக்கை குடுக்க அடுத்த கூட்டத்தொடரு வரைக்கும் டைம் நீட்டியிருக்குதாமா. உக்காருங்க. தண்ணி குடிங்க.

— எனக்குத் தண்ணி வேணாம். இது காலையிலயே உங்களுக்குத் தெரியுமா?

— தெரியுமுங்க. ஷிப்மென்ட் நாளுமா அதுவுமா அதைச் சொல்லி எதுக்குங்க உங்க மனசைக் கெடுக்கோணும்னு உட்டுட்டேன்.

— நல்லாருக்கே கதை. என் மனசு கெட்டா லைன்ல காலரு கோணிக்கும்னு பயந்தீகளாக்கும்.

— அப்படியில்லீங்க அம்மிணி.

— அம்மிணி கிம்மிணியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எங்க வீட்டுக்காரரு படுற பாடு உங்களுக்குத் தெரியாதா? இதே யூனிட்டுல கட்டிங் மாஸ்டரா நிமிந்து நின்ன மனுசன். ராமரு வெட்டுனா பிசிறு இருக்காதுன்னு நீங்களே வர்றவுக போறவுககிட்டயெல்லாம் சொல்லுவீக. இப்ப வாசல் கேட்டுப் பக்கத்துல ஸ்டூலப் போட்டு ஒக்காந்துக்கிட்டு, வர்ற வண்டிக்குத் தொறந்து விட்டுக்கிட்டு இருக்காக. அதுக்கு எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சாலே செவத்தப் பிடிக்கிறாக.

— ராமருக்கு நான் என்னங்க கொறை வெச்சேன்? நிக்க முடியலீன்னதும் கேட்டுல உக்காருங்கன்னு வேலை குடுத்தனல்லோ? வேற எவனாச்சும் குடுப்பானுங்களா?

— குடுத்தீக. இல்லேங்கல. ஸ்டூலுல ஒக்காந்தா வால்வு சரியாயிருமா? கோயமுத்தூர் டாக்டரு என்ன சொன்னாரு? வால்வு சுருங்கிப் போச்சு, தீவாளிக்குள்ள மாத்திப்புடணும், அதுக்கு மேல போனா என் கையில இல்லேன்னாரு. இன்சூரன்ஸ் கார்டு இருக்கான்னு கேட்டாரு. இல்லேன்னோம். போயி எடுத்துட்டு வாங்கன்னாரு. தாலுக்கா ஆபீசுக்குப் போனா, உங்க குடும்ப வருமானம் கூடுதலா இருக்கு, உங்களுக்குக் கார்டு கெடையாதுங்கிறான்.

— அது ரூல்ஸுங்க. நாம என்ன பண்றது?

— ஒண்ணரை ஷிப்ட்டு பாத்தா நாங்க பணக்காரவுகளா முதலாளி? கண்ணு எரிய எரிய ஒக்காந்து தைச்சோம். அந்தக் காசையும் கூட்டிச் சேத்துப்புட்டு, நீ வசதியானவ போன்னுட்டான். ஒடம்பக் கெடுத்துச் சம்பாதிச்ச காசு, அந்த ஒடம்பப் பாக்குறதுக்குக் கார்டு தரமாட்டேங்குது. அங்க ஒக்காந்திருந்தவன் மூஞ்சியில மையக் கொட்டலாம்னு இருந்துச்சு எனக்கு. அவுகதான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாக, அந்த மூச்சு வாங்கலோட.

— மெதுவாங்க, மெதுவாங்க.

— ஈ.எஸ்.ஐ.யாவது இருந்தா நான் எதுக்குக் கார்டுக்கு அலையப் போறேன்? நாப்பது பேரு தைக்கிறோம், ரிஜிஸ்டர்ல ஒம்போது பேரு. மிச்சப் பேரெல்லாம் பேயா வந்து தைச்சிட்டுப் போறோமா?

— அந்தப் பேச்சை இப்ப எடுக்காதீங்க. பத்துப் பேருன்னு காட்டுனா அதுக்குத் தனியா எத்தனை ரோதனைன்னு உங்களுக்குத் தெரியாது. நம்ம தெருவுல எல்லா ஜாப் ஒர்க் யூனிட்டும் அப்படித்தான் ஓடுது.

— அதனாலதான அந்தச் சட்டத்த நம்பிக்கிட்டு இருந்தோம். பீஸ் ரேட்டுல தைக்கிறவுக அம்புட்டுப் பேருக்கும் வருமானம் கேக்காம கார்டு, முதலாளி பங்கு கொஞ்சம், சர்க்காரு பங்கு மிச்சம். குழு ஆறு மாசத்துல அறிக்கை குடுக்கும், குடுத்ததும் சட்டம் வந்துரும்னு சொன்னாகளா இல்லையா? ஆறு மாசம் போச்சு. டைம் குடுன்னு கேட்டாக, குடுத்தாக. அதுவும் போச்சு. மறுபடியும் கேட்டாக, மறுபடியும் குடுத்தாக. இப்ப இன்னொரு தடவை. அவுகளே கேட்டு அவுகளே குடுத்துக்கிறாக. எங்க வீட்டுக்காரரு வால்வுக்கு நான் எந்தச் சபையில போயி டைம் கேக்குறது?

— அரசாங்கக் காரியம்னா அப்படித்தானுங்க கண்ணு. நாலு பக்கமும் ரோசனை பண்ணித்தான செய்யோணும்.

— காஜா பட்டன் போடுற மருதாளுக்கு வயித்துல கட்டின்னு சொன்னப்பவும் இதத்தான் சொன்னீக. பொறு, சட்டம் வருதுன்னு. அவளும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. கடைசியில சேவூர்ல இருந்த ரெண்டு எருமையையும் வித்துப்புட்டுத்தான் ஆஸ்பத்திரியில படுத்தா. இன்னிக்கும் குனிஞ்சு நூலெடுக்க முடியல அவளால. அவ ரோசனை பண்ணாளா? எருமை ரோசனை பண்ணுச்சா?

— அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?

— ஒண்ணு கேக்குறேன். நமக்கு யாரு டைம் குடுத்தா? போன தையில டையிங்குல இருந்து துணி கலர் மாறி வந்துச்சு. நீங்க ஆர்டர் குடுத்த கம்பெனிக்குப் போனப் போட்டு, ரெண்டே நாளு குடுங்கன்னு கெஞ்சுனீக. நான் பக்கத்துலதான் நின்னேன். குடுத்தானா?

— எங்கீங்க குடுத்தான்? கப்பலை உட்டீன்னா ஏரோப்ளேன்ல அனுப்பு, செலவு உன்றதுன்னுட்டான்.

— அனுப்புனீகளா இல்லையா?

— அனுப்பாம என்ன பண்றது? என்ற ஊட்டுக்காரி வளையலும் சேந்துதான் அந்த ஏரோப்ளேன்ல போச்சு.

— பாத்துக்கங்க. ஒரு சட்டை லேட்டானா ஏரோப்ளேன்ல பறக்குது. ஒரு மனுசன் உசுரு லேட்டானா அடுத்த கூட்டத்தொடருக்குப் போகுது. அந்தக் குழுவுல இருக்கிற ஒருத்தன், ஒரே ஒருத்தன், எங்க லைன்ல வந்து ஒரு நாளு ஒக்காந்து பாக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள அறிக்கை எழுதிருவான். வெறும்பய கூட்டம். ஏ.சி. ரூமுல முந்திரிப்பருப்பத் தின்னுக்கிட்டு நம்ம தாலியோட வெளையாடுறானுக.

— நீங்க சொல்றது நாயந்தானுங்க. நான் இல்லீங்கலை. ஆனா மணியைப் பாருங்க. மத்தியானம் கண்டெய்னரு வந்து நிக்கும். பேக்கிங் பாதிதான் ஆயிருக்குது. நீங்க பக்கத்துல நின்னாத்தான் புள்ளைங்களுக்குக் கை ஓடும். போயி நில்லுங்க. கோவத்தை நாளைக்குப் படலாம். ஏனுங்க, யாருங்க அது கதவைத் தொறக்கறது?

— நான்தான் சார், ரோஸ்மேரி. தொழிலாளர் சங்கத்துல இருந்து வாரேன். கேட்டுல ராமர் அண்ணாச்சிகிட்ட விசயத்தச் சொன்னேன். கேட்டத் தொறந்து உள்ள விட்டாவ.

— ஷிப்மென்ட் நாள்ல ஆரைக் கேட்டுங்க உள்ளார வாரீங்க? அப்பறமா வாங்க. அந்தக் கதவைச் சாத்தீட்டுப் போங்க.

— ஒங்ககிட்டப் பேச வரல சார். இந்த யக்காகிட்டப் பேசணும். நான் வாசல்லயே நின்னுக்கிடுதேன், கதவு தொறந்தே இருக்கட்டும். யக்கா, என்னையத் தெரியுதா?

— தெரியாம என்ன? போன மாசம் கேட்டுல வந்து நின்னவதான நீ. ஆள் புடிக்கிறவ. முதலாளி, இவளத்தான் நான் அன்னிக்கு விரட்டிவிட்டேன். நம்ம டெய்லரக் கலைச்சு வேற கம்பெனிக்கு இழுத்துட்டுப் போக வந்தவ. இன்னிக்குச் சங்கம்னு சொல்லிக்கிட்டு மாடிக்கே ஏறி வந்துட்டா.

— ஆள் புடிக்கிறவளா? சரிதான். அன்னைக்கு எந்தக் கேட்டுக்குப் போனாலும் இதத்தான் சொன்னாவ.

— பின்ன என்ன சொல்லுவாக? ஷிப்மென்ட் நேரத்துல கையில பேப்பர வச்சுக்கிட்டு, டெய்லருங்கள ஒரு நிமிசம் கூப்பிடுங்கன்னு கேட்டா எதுக்கு வந்திருக்கேன்னு நெனைப்பேன்? அட்வான்சக் காட்டி ஆளத் தூக்கத்தான் வருவீக. பதினஞ்சு வருசமா இந்த ஊர்ல பாக்குறேன். ஒரு ஓவர்லாக் டெய்லர் எந்திரிச்சுப் போனா லைனே நின்னு போகும்.

— அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துன்னு பாத்தீங்களா யக்கா?

— நான் எதுக்குப் பாக்குறேன்? கிழிச்சுத்தான போட்டேன்.

— அது சட்டசபைக் குழு திருப்பூருக்கு வருதுங்கிற நோட்டீசு.

— எந்தக் குழு?

— நீங்க இம்புட்டு நேரம் ஏசிக்கிட்டு இருந்தீங்கள்லா, அதே குழுதான். லைனத் தாண்டி வரும்போதே கேட்டுது ஒங்க சத்தம். போன மாசம் அவிய இங்கயே வந்தாவ யக்கா. அவினாசி ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல ஒக்காந்தாவ. பீஸ் ரேட்டுல தைக்கிறவங்க நேர்ல வந்து ஒங்க கஷ்டத்தச் சொல்லுங்க, அத எழுதிக்கிட்டு அறிக்கையக் குடுத்துருதோம்னாவ. நாற்காலி, மைக்கு, பேசுறத டைப்படிக்க ஆளு, எல்லாம் கொண்டுவந்தாவ. நோட்டீசு எங்க கைக்கு வந்ததே முந்துன நாளுதான். விடிஞ்சதும் அதத் தூக்கிக்கிட்டுத்தான் நான் கேட்டு கேட்டா ஓடுனேன்.

— நெசமாவா சொல்ற?

— கர்த்தர் சாட்சியா. தொழிலாளி பக்கத்து நாற்காலி பூராவும் காலி. நான் ஒருத்திதான் ஒக்காந்திருந்தேன். முதலாளிமாரு பக்கம் எடம் பத்தாம நின்னாவ. குழுத்தலைவரு கண்ணாடியக் கழட்டிட்டு என்னையக் கேட்டாரு. ஏம்மா, இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு தைக்கிறாங்கன்னு சொன்னாங்களே, ஒருத்தருக்கும் இன்சூரன்சு வேண்டாமான்னு. எனக்கு வந்த அவமானத்துக்கு அளவில்ல பாத்துக்கிடுங்க.

— அதுக்காகவா டைம் கேட்டாக?

— அதுக்காகத்தான். தொழிலாளி பக்கத்தக் கேக்காம அறிக்கை குடுத்தா நாளைக்கு எவனாவது கேஸப் போட்டு முடக்கிருவான்னு சொல்லித்தான் டைம் வாங்குனாவ.

— ஏத்தா, அன்னிக்கே இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொல்ல விட்டீங்களா? வாயத் தொறக்கதுக்கு முன்ன, போடி ஆள் புடிக்கிறவளேன்னு வாளித் தண்ணியத் தூக்கி ஊத்துனீங்க. நனைஞ்ச சேலையோட அடுத்த யூனிட்டுக்குப் போனேன். அங்க நாய அவுத்து விட்டாவ. அதுக்கு இது தேவலன்னு நெனச்சுக்கிட்டேன்.

— ஆத்தாடி.

— கேட்டுல அண்ணாச்சி இருந்திருந்தா கேட்டிருப்பாவ. அன்னைக்கு அவிய இல்ல.

— அவுக எப்படி இருப்பாக? அன்னிக்குத்தான் நெஞ்சுக்கு டெஸ்ட் எடுக்கக் கோயமுத்தூருக்குப் போயிருந்தாக. அதனாலதான் நான் கேட்டப் பாத்தேன். அவுக உசுரக் காப்பாத்துறதுக்கு ஒருத்தி கேட்டு வரைக்கும் வந்திருக்கா. நான் தண்ணிய ஊத்தி விரட்டியிருக்கேன். இந்தக் கை விளங்குமா? இம்புட்டு நேரமும் ஊர்ல உள்ளவனையெல்லாம் வைஞ்சேனே முதலாளி.

— உடுங்க பாண்டிம்மா. தெரியாமப் பண்ணீட்டீங்க. ஆள் புடிக்கறவங்க தொல்லை இந்த ஊர்ல இருக்கறதுதான. கண்ணைத் தொடைச்சுட்டு லைனைப் போயிப் பாருங்க. ரோஸ்மேரி, நீங்க வந்த காரியம் முடிஞ்சுதல்லோ, கெளம்புங்க.

— நான் அழுகல முதலாளி. ஒண்ண யோசிச்சுக்கிட்டு இருக்கேன். ஆள் புடிக்கிறவ வருவான்னு எனக்கு யாரு சொன்னா?

— ஆரு சொன்னா?

— நீங்கதான் சொன்னீக. அன்னிக்குக் காலையில வண்டிய எடுக்கும்போது சொன்னீக. பச்சைப் பையோட ஒரு பொம்பள வருவா, டெய்லரக் கலைக்க வர்றவ, கேட்டத் தாண்ட விட்டுராதீங்கன்னு. பையோட நெறங்கூடச் சொன்னீக. ரோசுமேரி, உன் பையக் காட்டு.

— இந்தா இருக்கு. எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்.

— அன்னிக்கு நீங்க எங்க போனீக முதலாளி? துணி பாக்கப் போறேன்னுதான எங்கிட்டச் சொன்னீக?

— எங்கெங்கயோ போனேனுங்க. ஊட்டு வேலை, பேங்க் வேலைன்னு எனக்கு ஆயிரம் இருக்குது. அதையெல்லாம் உங்ககிட்டச் சொல்லிட்டா போகோணும்?

— மண்டபத்துலதான இருந்தீங்க சார்? ரெண்டாவது வரிசையில, நெத்தி நெறைய திருநீறோட, எனக்கு நேர் எதுத்தாப்புல. சேலையில இருந்து தண்ணி சொட்டுனத நீங்களும் பாத்தீங்கள்லா?

— நீ சும்மா இரும்மா.

— அப்ப அங்கதான் போனீக. நாங்க யாரும் வந்துறக் கூடாதுன்னு என்னையக் கேட்டுல காவலுக்கு நிறுத்திட்டு, நீங்க போயி நாற்காலியில ஒக்காந்தீக.

— ஆமா, போனேன். எங்க முதலாளிமாரு சங்கத்துல கூப்பிட்டாங்க, போனேன். இப்ப என்னங்கறே?

— பாத்தியா ரோசுமேரி. பதினஞ்சு வருசத்துல இன்னிக்குத்தான் முதலாளி வாயில இருந்து எனக்கு மரியாதை இல்லாம ஒரு வார்த்தை வருது.

— என்னையப் பேச வெக்காதே பாண்டிம்மா. எனக்கு மட்டும் கொளுப்பா? நாப்பது பேருத்துக்கும் நான் பங்கு கட்டோணும்னு அந்தச் சட்டத்துல இருக்குது. ரிஜிஸ்டர்ல ஒம்போது, லைன்ல நாப்பதுன்னு எவன் முன்னால போயி நான் நிக்கறது? எங்கப்பாரு தறி ஓட்டுனவரு. இருந்த நாலு பவர்லூமையும் வித்துப்போட்டுத்தான் இந்த மிஷினுங்களை வாங்குனேன். கம்பெனிக்காரன் பீசுக்கு ரேட்டு ஏத்தி வருசக்கணக்காச்சு. கரண்டு பில்லு ஏறுது, கட்டட வாடகை ஏறுது. மேல இருக்கறவன் கழுத்தைப் புடிக்கறான், கீழ இருக்கறவங்க காலைப் புடிக்கறீங்க. நடுவுல நசுங்கறவன் நானு.

— அத மைக்குல சொல்லியிருக்கலாம்லா சார்? கம்பெனிக்காரன் ரேட்டு ஏத்த மாட்டேங்கான், எங்களால கட்ட முடியலன்னு சொல்லியிருந்தா, நானே ஒங்களுக்குக் கை தட்டியிருப்பேன். நீங்க அப்படியா சொன்னீங்க? எங்க யூனிட்டுல எல்லாரும் ஒரே குடும்பம், அவங்களுக்கு ஒரு கொறையும் இல்ல, இந்தச் சட்டமே தேவையில்லன்னுலா சொன்னீங்க.

— குடும்பமாமா?

— அதோட விடல யக்கா. உதாரணத்துக்கு ஒரு ஆளையும் சொன்னாரு. எங்க கட்டிங் மாஸ்டரு ராமருக்கு நெஞ்சு சரியில்ல, அவர நாந்தான் உக்கார வெச்சுச் சோறு போடுறேன், சர்க்காரு கார்டு என்னத்துக்குன்னு.

— அவுக பேரையா சொன்னீக?

— நல்லவிதமாத்தான சொன்னேன்.

— அவுக அங்க ஆஸ்பத்திரியில சட்டையக் கழட்டிட்டுப் படுத்துக் கெடந்த நேரத்துல, நீங்க இங்க அவுக பேரச் சொல்லி அவுகளுக்கு வர்ற கார்ட மறிச்சீகளா? சோறு போட்டீகளா? கேட்டத் தொறந்து தொறந்து மூடுற மனுசனுக்கு நீங்க சோறு போட்டீகளா?

— கத்தாதே. லைன்ல கேக்கும்.

— கத்தல முதலாளி. நான் மெதுவாத்தான் பேசுறேன். உங்களுக்கு நல்லாக் கேக்குதுல்ல?

— யக்கா, ஏசுறத அப்புறமா ஏசிக்கிடுங்க. நான் அதுக்கு வரல. இன்னைக்கு அவிய மறுபடியும் வந்திருக்காவ. அதே மண்டபந்தான். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருப்பாவ. இன்னைக்குத் தொழிலாளிங்க வந்து பேசிட்டா, வாங்குன டைமே எங்களுக்கு வேண்டாம், இந்த மாசமே அறிக்கையக் குடுத்துருதோம்னு தலைவரு சொல்லியிருக்காரு. இன்னைக்கும் நாற்காலி காலியாக் கெடந்தா அவ்வளவுதான். முதலாளிமாரு சொன்னத வச்சு எழுதிட்டு, மிச்சத்த அடுத்த கூட்டத்தொடர்ல பாத்துக்கிடுவோம்னு போயிருவாவ.

— இன்னிக்கேவா?

— இன்னைக்கேதான். தண்ணி ஊத்துன கேட்டுக்கு எதுக்கு மறுபடி வந்தேன்னு நெனைக்கீங்க? எங்க வீட்டுக்காரரு போயிச் சேந்தது இப்படிக் கார்டுக்கு அலஞ்சு அலஞ்சுதான். அண்ணாச்சி ஸ்டூல்ல ஒக்காந்து மூச்சு விடுறதப் பாத்தேன். அதே மூச்சுதான் யக்கா. எனக்குத் தெரியும்.

— பாண்டிம்மா, இங்க பாருங்க. கோவத்துல ஏதோ பேசீட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாளு லைனை நிறுத்தீராதீங்க. கண்டெய்னரு வந்துட்டே இருக்குது. சரக்கு போகலீன்னா கம்பெனிக்காரன் இனிமே நமக்குத் துணியே குடுக்கமாட்டானுங்க. நாப்பது குடும்பத்துக்கு வேலை போயிரும். சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க. சாயந்தரம் நானே வேனைப் புடிச்சு அத்தனை பேரையும் மண்டபத்துக்குக் கூட்டியாறேன்.

— சாயங்காலம் அவுக இருக்க மாட்டாகளே.

— சொல்லி இருக்க வெக்கலாமுங்க. சரி, அது வேண்டாம். இன்னொண்ணு சொல்றேன். ராமரு ஆபரேசனுக்கு நானே கட்டறேன். முழுசாக் கட்டறேன். கார்டும் வேண்டாம், குழுவும் வேண்டாம். பழனியாண்டவன் மேல சத்தியமுங்க. வருசா வருசம் காவடி எடுத்து நடக்கறவன் நானு, அவன் பேருல பொய் சொல்லமாட்டேன்.

— யக்கா.

— நீ இரு தாயி. முதலாளி, நெசமாத்தான் சொல்றீகளா?

— நெசந்தானுங்க கண்ணு.

— அவுக மறுபடியும் கட்டிங் டேபிள்ல வந்து நிப்பாகளா?

— நிக்க வெக்கறது என்ற பொறுப்புங்க.

— ரோசுமேரி, உங்கிட்ட மறைக்க மாட்டேன். எனக்கு இது போதும்னு தோணுது. அவுகளால மல்லாந்து படுக்க முடியல. தலைகாணிய அடுக்கி வச்சுச் சாஞ்சமேனிக்குத்தான் தூங்குறாக. அந்த மூச்சு நின்னுருமோன்னு நான் கேட்டுக்கிட்டே கெடக்குறேன். சட்டம் எப்ப வந்தா என்ன, வராட்டி என்ன. அவுக பொழச்சாப் போதும்.

— தோணத்தான் செய்யும் யக்கா. ஒங்க எடத்துல நான் இருந்தா எனக்கும் தோணும்.

— எப்பக் கட்டுவீக முதலாளி? நாளைக்கு எங்க கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீகளா?

— நாளைக்குங்களா? மொதல்ல சரக்கு கப்பலேறோணுமுங்க. அப்பறம் கம்பெனிக்காரன் பில்லைப் பாஸ் பண்ணி நமக்குப் பணம் உடோணும்.

— அவன் எப்ப விடுவான்?

— ரெண்டு மாசம் ஆகும், சிலப்போ மூணும் ஆகும். தீவாளிக்கு வந்துரும்னு வெச்சுக்குங்க. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். இன்னும் கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா நான்...

— போதும் முதலாளி.

— ஏனுங்க, என்னாச்சுங்க?

— அந்தக் குழுவாச்சும் ஆள் வரலேன்னு டைம் கேட்டுச்சு. நீங்க ஆள வரவிடாமப் பண்ணிட்டு டைம் கேக்குறீக. ரோசுமேரி, வா போவோம். அந்த மைக்குல யாரு பேருல பொய் சொன்னாகளோ, அவரு பொண்டாட்டி வந்திருக்கேன்னு சொல்றேன்.

— போறதுன்னா போ. நான் தடுக்கலை. நீ ஒருத்தி போயிப் பேசுனா எவன் காதுல ஏறும்? அன்னைக்கு இவ ஒருத்தி உக்காந்திருந்தா, இன்னைக்கு ரெண்டு பேரு உக்காந்திருப்பீங்க. அவ்வளவுதான். நீ இல்லாட்டி லைன் ஓடாதுன்னு நெனைக்காதே. நானே நின்னு ஓட்டிக்குவேன்.

— ஓட்டுங்க.

— ஓட்டத்தான் போறேன். கண்டெய்னரு வர்றதுக்குள்ள நான் முடிச்சுக் காட்டல... ஏன், சத்தத்தையே காணோம்?

— என்ன சத்தம்?

— மிஷின் சத்தம்தான். ஒண்ணுகூட ஓடற மாதிரித் தெரியலையே. கரண்டு போயிருச்சாட்ட இருக்குது. முருகா, இன்னைக்குன்னு பாத்தா போகோணும்? ராமரு, ஜெனரேட்டரைப் போடு. ராமரு.

— அவுகளக் கூப்பிடாதீக. பதில் சொன்னா மூச்சு வாங்கும். ஜன்னல் வழியாப் பாருங்க, கேட்ட ரெண்டு பக்கமும் விரியத் தொறந்து வச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக.

— கேட்டை எதுக்குத் தொறந்தான்? கண்டெய்னரு இன்னும் வரலையே. அதை அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல ஜெனரேட்டரைப் போடச் சொல்லு. கரண்டு இல்லாம நான் எப்படி லைனை ஓட்டறது?

— கரண்டு எங்கயும் போகல முதலாளி, லைன்லதான் ஒருத்தரும் இல்ல. தலைக்கு மேல பாருங்க, ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.